வரிதாரரும் பார்வையாளரும்: அறிவியல் புனைகதை வாசகர் பெருங்கூடுகையை நாஞ்சில் நாட்டுக் கொடை விழாவின் வழி வாசித்தல்

ஆய்வுச்சுருக்கம்

அறிவியல் புனைகதை வாசகர்கள் ஆண்டுதோறும் நடத்தும் பெருங்கூடுகை, வெளியிலிருந்து நோக்குவோர்க்கு வேடமணிந்த இளைஞர்களின் கேளிக்கையாகவே தோன்றுகிறது. அதனை வாசிப்பு சார்ந்த ஒரு நிறுவனமாகக் கொண்டு, முதன்முறையாக அதில் கலந்துகொள்ளும் ஆய்வாளர் எதனை எதிர்பார்க்கலாம், எந்நிலையில் நின்று அதனை நோக்கலாம் என்னும் வினாக்களை இக்கட்டுரை எழுப்புகிறது. நாஞ்சில் நாட்டுக் கொடை விழாவில் வரி கொடுப்பவர்க்கும் வேடிக்கை பார்ப்பவர்க்கும் இடையிலுள்ள வேறுபாடு இவ்வினாக்களுக்கு விடைகாணும் கருவியாகிறது. கதைக்கு உரிமையுடையோர் யாவர், அவ்வுரிமை யாரை விலக்குகிறது, விலக்கலுக்குக் கணக்கு ஒப்புவிக்கப்படுகிறதா என்பனவற்றைக் கொண்டே இவ்வகைக் கூடுகைகளை மதிப்பிட வேண்டும் என்பது கட்டுரையின் முடிபு.

திறவுச்சொற்கள்: அறிவியல் புனைகதை, வாசகர் கூடுகை, கொடை விழா, வில்லுப்பாட்டு, வரி, வாசக உரிமை

1. முன்னுரை

1937 சனவரி 3 அன்று இங்கிலாந்தின் லீட்ஸ் நகரிலுள்ள பிரம்மஞான சபைக் கூடத்தில் அறிவியல் புனைகதை ஆர்வலர் சிலர் கூடினர். பின்னாளில் பெரும்புகழ் எய்திய ஆர்தர் சி. கிளார்க் அவர்களுள் ஒருவர். 1939 சூலையில் நியூயார்க்கில் மூன்று நாள் நடைபெற்ற கூட்டத்திற்கு ஏறத்தாழ 200 பேர் வந்தனர். 'வேர்ல்ட்கான்' என இன்று வழங்கும் உலக அறிவியல் புனைகதைப் பெருங்கூடுகையின் தொடக்கம் அதுவே. இரண்டாம் உலகப்போரை ஒட்டிய 1942 முதல் 1945 வரையிலான ஆண்டுகள் நீங்கலாக, ஊர் மாறி ஊர் எனப் பெருங்கூடுகை தொடர்ந்து நடைபெற்று வருகிறது. இன்று அதில் பல்லாயிரவர் உறுப்பினராகின்றனர்.

இத்தகைய கூடுகைக்கு முதன்முறை செல்வோர்க்கு அனுபவமுடையோர் கூறும் அறிவுரைகள் பல உள. நடப்பதற்கேற்ற காலணி அணிக, நாளொன்றுக்கு ஐந்து மணி நேரமேனும் உறங்குக, இருவேளையேனும் உண்க, ஒருமுறையேனும் குளிக்க. 'ஐந்து, இரண்டு, ஒன்று' என இவ்விதி ஆர்வலரிடையே வழங்குகிறது. நகைச்சுவையாகச் சொல்லப்படினும், உண்ணலும் உறங்கலும் மறந்து மக்கள் கதையில் ஆழும் இடம் அது என்பதை இவ்விதி உணர்த்துகிறது. ஆயினும் ஆய்வாளர்க்கு இவ்வறிவுரைகள் போதா. அங்குச் செல்பவர் பார்வையாளரா, பங்கேற்பாளரா, உரிமையாளரா என்னும் வினாவை இவை தொடுவதில்லை.

இவ்வினாவுக்குக் குமரி மாவட்டத்தில் ஒரு விடை உண்டு. சுடலைமாடன், இசக்கியம்மன், முத்தாரம்மன் முதலிய தெய்வங்களுக்கு இங்கு ஊர்தோறும் எடுக்கப்படும் கொடை விழாவும் பலநாள் நிகழும் கூடுகையே. அதன் நடுவிலும் ஒரு கதை உள்ளது. இவ்விரண்டிற்கும் வரலாற்றுத் தொடர்பு ஏதுமில்லை. ஒன்று வழிபாடு, மற்றொன்று வாசிப்பு. இங்கு ஒப்பிடப்படுவது அமைப்பு மட்டுமே.

2. கருத்தரங்கு என்னும் எதிர்பார்ப்பு

கல்லூரிக் கருத்தரங்குகளில் பழகிய ஆய்வாளர், பெருங்கூடுகையையும் அதே எதிர்பார்ப்புடன் அணுகுதல் இயல்பு. குத்துவிளக்கு, வரவேற்புரை, வாழ்த்துரை, பத்து நிமிடக் கட்டுரை வாசிப்பு, நிறைவில் சான்றிதழ் என்னும் வரிசையை அங்குக் காண இயலாது.

பெருங்கூடுகையில் ஒரே மணிநேரத்தில் பத்துக்கு மேற்பட்ட அறைகளில் நிகழ்ச்சிகள் நடைபெறுதல் உண்டு. ஓர் அறையில் வேற்றுக்கோள் உயிரினங்களின் மொழி குறித்து மொழியியலாளரும் நாவலாசிரியரும் உரையாடுவர். அடுத்த அறையில் பழைய இதழ்களின் அட்டை ஓவியங்கள் பேசப்படும். உரையாடலில் நால்வர் அல்லது ஐவர் அமர, ஒருவர் நெறிப்படுத்துவார். கட்டுரை வாசிப்பதில்லை. அவையிலிருந்து எழும் வினாக்கள் மேடையிலுள்ளோரின் கருத்தைத் திருத்துவதும் உண்டு. எழுத்தாளர் ஒருவருடன் பத்துப் பேர் அளவில் மேசையைச் சுற்றி அமர்ந்து பேசும் சிற்றவைக்கு முன்பதிவு செய்துகொள்ளல் வேண்டும். புத்தக விற்பனைக் கூடம், ஓவியக் கண்காட்சியும் ஏலமும், வேடப் போட்டி, ஆர்வலர் தாமே புனைந்து பாடும் பாடல் அரங்கு ஆகியன இவற்றுடன் இணையும்.

எனவே முதலில் எதிர்பார்க்க வேண்டுவது இழப்பு. எவராலும் அனைத்தையும் காண இயலாது. நிகழ்ச்சி நிரலிலிருந்து தமக்குரிய கூடுகையை ஒவ்வொருவரும் தாமே தொகுத்துக்கொள்கின்றனர். மூன்று நாள் கழித்து இருவர் ஒப்பிட்டால், அவர்கள் வெவ்வேறு கூடுகைகளுக்குச் சென்று வந்தவர்போல் பேசுவர்.

இரண்டாவதாக எதிர்பார்க்க வேண்டுவது, நடத்துவோர்க்கும் வருவோர்க்கும் இடையே கோடு இன்மை. வேர்ல்ட்கானைத் தலைவர் முதல் நுழைவாயிலில் அடையாள அட்டை வழங்குவோர் வரை ஊதியம் பெறாத தன்னார்வலரே நடத்துகின்றனர். நேற்று மேடையில் அமர்ந்த எழுத்தாளர் இன்று அவையில் வினா எழுப்புவார். இந்நிலை எங்ஙனம் அமைந்தது என்பதை அறியக் கூடுகையின் பொருளாதார அடிப்படையை நோக்குதல் வேண்டும்.

3. வரியும் உரிமையும்

நாஞ்சில் நாட்டில் ஊர்வகைக் கோயில் கொடையின் செலவைத் தலைக்கட்டு வரியால் ஈடுசெய்வது வழக்கம். குடும்பம் ஒன்று ஒரு தலைக்கட்டு. வரி கொடுத்தவர் வரிதாரர்; கோயிலின் பங்குடையவர். கொடை எந்நாளில் எடுப்பது, எந்த வில்லுப்பாட்டுக் குழுவை அழைப்பது என்பனவற்றை ஊர்க்கூட்டத்தில் பேசும் உரிமை அவருக்கு உண்டு. கொடை முடிந்தபின் வரவு செலவுக் கணக்கைக் கேட்கும் உரிமையும் அவருக்கே. அயலூரிலிருந்து வந்து திடலில் அமர்ந்து விடியும்வரை வில்லுப்பாட்டுக் கேட்பவர் விருந்தினர். அவருக்குச் சோறு உண்டு, திருநீறு உண்டு. ஊர்க்கூட்டத்தில் சொல் இல்லை.

வேர்ல்ட்கானில் பெறப்படும் தொகை நுழைவுக்கட்டணம் அன்று, உறுப்பினர் கட்டணம். உலக அறிவியல் புனைகதைச் சங்கத்தின் உறுப்பினராகும் ஒருவர் நேரில் வர இயலாவிடினும் வாக்களிக்கலாம். 1953-இல் பிலடெல்ஃபியாவில் முதன்முறை வழங்கப்பட்டு, 1955 முதல் ஆண்டுதோறும் தொடரும் ஹியூகோ விருதுகளுக்குப் படைப்புகளை முன்மொழிவோரும் அவற்றைத் தெரிவு செய்வோரும் உறுப்பினரே. தனி நடுவர் குழு இல்லை. எதிர்காலப் பெருங்கூடுகை எந்நகரில் நிகழ்வது என்பதையும் வாக்கெடுப்பே முடிவு செய்கிறது. சங்கத்தின் விதிகளைத் திருத்தும் கூட்டம் பெருங்கூடுகையின் ஒரு பகுதியாகவே நடைபெறும். அங்கு நிறைவேறும் திருத்தம் மறு ஆண்டும் நிறைவேறினாலன்றி நடைமுறைக்கு வாராது. ஓராண்டில் திரளும் கூட்டம் தன் வேகத்தால் மரபை மாற்றிவிடாதிருக்க அமைந்த தடை இது.

இதனோடு ஒப்பிட வேண்டிய மறுவகை, 1970-இல் தொடங்கி ஆண்டுதோறும் 1,00,000-க்கு மேற்பட்டோரை ஈர்க்கும் அளவுக்கு வளர்ந்த சான் டியாகோ காமிக்கான். அதுவும் ஆர்வலர் சிலரால் தொடங்கப்பெற்றதே. ஆனால் காலப்போக்கில் திரைப்பட நிறுவனங்கள் தம் வருங்கால வெளியீடுகளை அறிமுகம் செய்யும் களமாக அது விரிந்தது. அங்குச் செல்பவர் பெறுவது அனுமதி. நிறுவனத்தை வழிநடத்தும் வாக்கு அன்று. முதல் வகையில் வருபவர் வரிதாரர். இரண்டாம் வகையில் வருபவர் சீட்டு வாங்கியவர்.

இவ்வேறுபாடு கொடை விழாவுக்கும் புதிதன்று. வில்லுப்பாட்டுக்கு ஒதுக்கப்பட்ட இரவின் ஒரு பகுதியை இன்னிசைக் கச்சேரி எடுத்துக்கொள்வதை இன்று பல ஊர்களில் காணலாம். கச்சேரி கூட்டம் சேர்க்கும். ஆயினும் கோயில் தெய்வத்தின் கதையைக் கச்சேரி சொல்வதில்லை. திரள் பெருகும்போது கூடுகையின் நடுவிலிருந்த கதை ஓரத்திற்கு நகர்தல் இரண்டிற்கும் பொதுவான இடர் ஆகும்.

4. வேடமும் சாமியாட்டமும்

பெருங்கூடுகை பற்றிய ஒளிப்படங்களில் முதலில் கண்ணில் படுவது வேடம். 1939 நியூயார்க் கூடுகைக்கு மர்ட்டில் டக்ளஸ் தாம் தைத்த எதிர்கால உடையில் வந்தார். அவர் தைத்த மற்றோர் உடையை ஃபாரஸ்ட் அக்கர்மன் அணிந்திருந்தார். இன்று உலகெங்கும் வழங்கும் 'காஸ்பிளே' என்னும் சொல்லை 1980-களில் புழக்கத்துக்குக் கொணர்ந்தவர் ஜப்பானைச் சேர்ந்த நொபுயுகி தகஹாஷி.

இவ்வேடத்தைப் பக்தினின் களியாட்டக் கருத்தாக்கம் கொண்டு விளக்குதல் எளிது. அன்றாட ஒழுங்கு தலைகீழாகும் சிறுபொழுது என அது பொருள்கொள்ளப்படும். ஆனால் இவ்விளக்கம் கதையின் பங்கைக் கணக்கில் கொள்வதில்லை. வேடம் புனைபவர் எவ்வுருவையேனும் அணிந்து அன்றாடத்திலிருந்து விடுபடுபவர் அல்லர். குறிப்பிட்ட நூலின் குறிப்பிட்ட மாந்தரை, அந்நூலை அறிந்தோர் முன்னிலையில் அணிபவர். பொத்தானின் நிறம் பிழைத்தாலும் அவையோர் அறிவர். எனவே வேடம் ஒருவகை உரையாகிறது. மூலத்தை ஊன்றிப் படித்த ஒருவர் தம் உடலைக் கொண்டு எழுதும் உரை எனலாம்.

கொடை விழாவில் கதைக்கும் உடலுக்கும் உள்ள உறவு இதனினும் ஆழமானது. குமரி மாவட்ட வில்லுப்பாட்டைக் களஆய்வு செய்து 1988-இல் நூலாக்கிய ஸ்டூவர்ட் பிளாக்பர்ன், கதை உச்சத்தை எட்டும்போது சாமியாட்டமும் உச்சத்தை எட்டுதலைச் சுட்டுகிறார். பாடுவோர் சொல்லும் கதை கோமரத்தாடியின் உடலில் இறங்குகிறது. இம்மரபின் கதைகள் வாய்மொழியாக மட்டுமின்றி ஏடுகளாகவும் பேணப்பட்டவை. அ. கா. பெருமாள் முதலியோர் அவற்றைத் தேடித் தொகுத்துப் பதிப்பித்துள்ளனர். கதை ஊரார்க்கு முன்பே தெரியும். முடிவை அறிந்துகொள்ள எவரும் விழித்திருப்பதில்லை. அறிந்த கதை மீண்டும் நிகழ்வதற்காகவே விழித்திருக்கின்றனர்.

ஒப்புமை இங்கு நின்றுவிடுகிறது. கோமரத்தாடியிடம் ஊரார் குறி கேட்பர். அவர் சொல்லுக்கு அதிகாரம் உண்டு. வேடமணிந்தவரிடம் எவரும் குறி கேட்பதில்லை. அவர் தம்மை மறந்தவர் அல்லர். ஒளிப்படத்துக்கு நின்றபின் தேநீர் அருந்தச் செல்பவர். ஒன்றில் நம்பிக்கை, மற்றொன்றில் நம்பிக்கை போன்றதோர் ஆட்டம். இதனைப் பிரித்தறியாது இரண்டையும் 'சடங்கு' என்னும் ஒரே சொல்லால் குறித்தல் இரண்டையும் பிழைபடப் புரிந்துகொள்வதாகும். எனினும் அறிந்த கதையை அறிந்தோர் முன்னிலையில் உடலால் நிகழ்த்துதல் என்னும் அளவில் ஒன்று மற்றொன்றை விளக்குகிறது. வேடமணிந்தவரை அவர் இசைவின்றித் தொடுதலும் படமெடுத்தலும் கூடா என்னும் கூடுகை விதியை ஆய்வாளர் மனங்கொள்ளுதல் வேண்டும். அவர் காட்சிப்பொருள் அல்லர். தாம் எழுதிய உரையின் ஆசிரியர்.

5. விலக்கலும் கணக்கும்

உரிமை உள்ள இடத்தில் விலக்கலும் உண்டு. தலைக்கட்டு வரி ஊரார் அனைவரையும் சமமாக எண்ணுவதில்லை. கோயில் பெரும்பாலும் குறிப்பிட்ட ஒரு சாதியாரின் உரிமையாக இருப்பதால், பிறர் அவ்வூரில் வாழ்ந்தும் வரிதாரர் ஆவதில்லை. தலைக்கட்டு என்னும்போது பல ஊர்களில் ஆடவரையே எண்ணுவதால், கொடைக்கு உழைக்கும் பெண்கள் ஊர்க்கூட்டத்தில் சொல்லின்றி நிற்கின்றனர். கொடையைக் கிராம ஒற்றுமையின் சின்னமாக மட்டும் போற்றும் எழுத்துகள் இதனைக் கடந்துவிடுகின்றன.

பெருங்கூடுகையும் விலக்கலுடனேயே தொடங்கியது. 1939 நியூயார்க் கூட்டத்தில் டொனால்ட் வோல்ஹைம், ஃபிரெடரிக் போல், சிரில் கார்ன்புளுத் உள்ளிட்ட அறுவர், அரசியல் துண்டறிக்கை பரப்புவர் என்னும் அச்சத்தால் வாயிலில் தடுக்கப்பட்டனர். எண்பது ஆண்டுகள் கழித்து, 2019 டப்ளின் பெருங்கூடுகையில் ஜான் டபிள்யு. கேம்பல் பெயரிலான புதிய எழுத்தாளர் விருதைப் பெற்ற ஜீனெட் இங், அப்பதிப்பாசிரியரின் இனவெறிக் கருத்துகளை மேடையிலேயே கண்டித்தார். அம்மாதத்திலேயே விருதின் பெயரை மாற்றுவதாக அதனை வழங்குவோர் அறிவித்தனர்.

வாக்கு முறையும் தாக்குதலுக்கு உள்ளாயிற்று. 2015-இல் ஒரு தரப்பினர் பட்டியலிட்டு ஒருங்கே முன்மொழிந்ததால் சில பிரிவுகள் முழுவதும் அவர்தம் தெரிவுகளால் நிரம்பின. ஹியூகோ வாக்குச்சீட்டில் 'விருதில்லை' என்பதும் ஒரு தெரிவு. உறுப்பினர் அதனைப் பயன்படுத்த, ஐந்து பிரிவுகளில் அவ்வாண்டு எவருக்கும் விருது அளிக்கப்படவில்லை. தொடர்ந்து முன்மொழிவை எண்ணும் முறையே திருத்தப்பட்டது. 2016 முதல் 2018 வரை மூன்று ஆண்டுகள் தொடர்ந்து சிறந்த நாவலுக்கான விருதைக் கறுப்பினப் பெண் எழுத்தாளரான என். கே. ஜெமிசின் பெற்றது இப்பூசலுக்குப் பிந்தைய நிகழ்வாகும்.

கணக்கு ஒப்புவித்தலின் இன்றியமையாமையை அடுத்தடுத்த இரு பெருங்கூடுகைகள் தெளிவாக்கின. 2023-இல் சீனாவின் செங்டு நகரில் நடைபெற்ற கூடுகையில், ஆர். எஃப். குவாங்கின் 'பேபல்' உட்படச் சில படைப்புகளும் சில எழுத்தாளர்களும் போதிய முன்மொழிவு பெற்றிருந்தும் தகுதியற்றவையென நீக்கப்பட்டமை, 2024 தொடக்கத்தில் எண்ணிக்கை விவரங்கள் வெளிவந்தபோதே தெரியவந்தது. உரிய காரணம் கூறப்படவில்லை. முன்மொழியப்பட்டோரின் அரசியல் கருத்துகளை விருதுப் பொறுப்பாளர் சிலர் திரட்டியமை பின்னர் வெளியான மின்னஞ்சல்களால் புலனாயிற்று. 2024 கிளாஸ்கோ கூடுகையிலும் வாக்குகள் நீக்கப்பட்டன. ஆனால் 377 வாக்குகள் முறைகேடானவை எனக் கண்டறிந்த பொறுப்பாளர்கள், எண்ணையும் காரணத்தையும் முடிவுகள் வெளிவருமுன்னரே பொதுவில் அறிவித்தனர்.

இரண்டும் நீக்கலே. முன்னது கணக்கு மறைத்த நீக்கல். பின்னது கணக்கு ஒப்புவித்த நீக்கல். கொடை முடிந்து ஊர்க்கூட்டத்தில் கணக்கு வாசிக்கப்படாவிடின் அடுத்த ஆண்டு வரி திரளாது என்பதை நாஞ்சில் நாட்டார்க்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. வாசகர் நிறுவனத்தின் உயிர் அதன் விழாவைக் காட்டிலும் அதன் கணக்கில் உள்ளது.

6. தமிழ்ச் சூழல்

தமிழில் அறிவியல் புனைகதைக்கு வாசகர் குறைவு எனல் பொருந்தாது. சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' வார இதழ்த் தொடராகவும் தொலைக்காட்சித் தொடராகவும் பெருந்திரளைச் சென்றடைந்தது. நாகர்கோவிலில் வாழும் ஜெயமோகன், 'விசும்பு' தொகுப்பில் சித்த மருத்துவம், இரசவாதம் முதலிய மரபறிவுத் துறைகளை அறிவியல் கற்பனையின் களமாக்கினார். 'அரூ' இணைய இதழ் அறிவியல் சிறுகதைப் போட்டிகள் நடத்திப் புதிய எழுத்தாளர்களை அடையாளம் காட்டியது. கதைக்குரிய களமும் அருகிலேயே உள்ளது. ஆரல்வாய்மொழிக் கணவாயின் காற்றாலைகளும், மாவட்ட எல்லையை அடுத்த மகேந்திரகிரியின் ஏவூர்திப் பொறிச் சோதனை நிலையமும் இந்நிலத்து வாழ்வின் அன்றாடக் காட்சிகள்.

கூடுகைகளும் இல்லாமலில்லை. அவை மூன்று வகையின. முதலாவது கல்விப்புலம் சார்ந்தது. 1998-இல் வேலூரைத் தளமாகக் கொண்டு தொடங்கப்பெற்ற இந்திய அறிவியல் புனைகதை ஆய்வுக் கழகத்தின் மாநாடுகள் இவ்வகையின. இங்குக் கூடுவோர் ஆய்வாளர், கட்டுரையே நுழைவுரிமை.

இரண்டாவது இலக்கிய வாசகர் கூடுகை. சுந்தர ராமசாமி நாகர்கோவிலில் நடத்திய 'காகங்கள்' சந்திப்புகள் சிற்றளவில் இதற்கு முன்னோடி. 2010-இல் ஆ. மாதவனுக்கு வழங்கியது முதல் விஷ்ணுபுரம் இலக்கிய வட்டம் ஆண்டுதோறும் கோவையில் நடத்தும் விருது விழா இன்றைய பெரும் எடுத்துக்காட்டு. எழுத்தாளர் மேடையில் அமர, வாசகர் வினா எழுப்பும் அமர்வுகளால் நிறைந்த இவ்விழா, ஊதியமற்ற நண்பர்களின் உழைப்பால் நடைபெறுகிறது. வேர்ல்ட்கானின் பண்பு இதில் பெரிதும் உண்டு. ஆயின் விருதாளரைத் தெரிவு செய்வது கூடியிருக்கும் வாசகரின் வாக்கு அன்று. தேர்ந்த சிலரின் இலக்கிய மதிப்பீடே அளவுகோல். இதனைக் குறையெனக் கொள்ள வேண்டியதில்லை. பெரும்பான்மை வாக்கால் ஞானக்கூத்தனோ அபியோ தெரிவு பெற்றிருப்பரா என்னும் வினா எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. வாசகப் பெரும்பான்மைக்கும் இலக்கிய மதிப்பீட்டுக்கும் இடையிலான இப்பூசல் வேர்ல்ட்கானுக்கும் உரியதே.

மூன்றாவது சீட்டு வாங்கி நுழையும் சந்தை. 2024 பிப்ரவரியில் சென்னை வர்த்தக மையத்தில் நடைபெற்ற காமிக்கான் இவ்வகையது. வேடமணிந்து வந்த இளைஞர் தொகை, கற்பனை மாந்தர்மீது தமிழ் இளையோர் கொண்டுள்ள பற்றைக் காட்டுகிறது. ஆனால் இவ்வகைச் சந்தையில் முன்னிற்பவர் ஜப்பானிய, அமெரிக்க மாந்தரே. தமிழ் அறிவியல் புனைகதையின் மாந்தரை அணிந்து வருபவரை, பார்த்தவுடன் பெயர் சொல்லி அழைக்கும் திரள் அங்கு இருத்தல் அரிது. 'என் இனிய இயந்திரா'வின் இயந்திர நாயான ஜீனோவை அறிந்த தலைமுறை அக்கூடத்துக்கு வெளியே நிற்கிறது. கூடத்தினுள் நிற்கும் தலைமுறை ஜீனோவைப் படித்திருக்கும் என்பதற்கு உறுதியில்லை.

ஆக, ஆய்வாளர்க்கு ஒரு கூடம், இலக்கிய வாசகர்க்கு ஒரு கூடம், இளையோர்க்கு ஒரு கூடம் எனத் தமிழ் அறிவியல் புனைகதையின் வாசகத் திரள் பிரிந்து கிடக்கிறது. இம்மூன்றும் ஒரே திடலில் அமரும் அமைப்பு உருவாகவில்லை. கொடைத் திடலில் ஏட்டை அறிந்த முதியவரும், பாடும் புலவரும், தாயின் மடியில் உறங்கும் குழந்தையும் ஒரே இரவில் ஒரே கதையின் முன் அமர்கின்றனர் என்பதை இங்கு எண்ணிப் பார்த்தல் தகும்.

7. முடிவுரை

பெருங்கூடுகைக்குச் செல்லும் ஆய்வாளர் கருத்தரங்கையும் எதிர்பார்க்க வேண்டா. திருவிழாவின் வண்ணத்தோடு நிறைவடையவும் வேண்டா. அங்கு மூன்று வினாக்களை எழுப்புதல் பயன்தரும். இக்கூடுகையின் நடுவிலுள்ள கதை யாது? அதன்மீது வருபவர்க்கு உரிமை உண்டா, அனுமதி மட்டுமே உண்டா? விலக்கப்பட்டோர் யாவர், அதற்கான கணக்கு எவ்விடத்து வாசிக்கப்படுகிறது?

இம்மூன்றையும் கொடை விழாவை நோக்கித் திருப்பினால், நாட்டார் வழக்காற்றியலில் கதைப்பாடல்களின் பதிப்பும் நிகழ்த்துமுறையும் பெற்ற கவனம், வரிப்புத்தகத்துக்கும் கணக்கேட்டுக்கும் உரியது என்பது விளங்கும். தமிழ் அறிவியல் புனைகதையை நோக்கித் திருப்பினால், போட்டிகளாலும் பரிசுகளாலும் எழுத்தாளரை ஊக்குவிப்பதோடு வாசகரை வரிதாரராக்கும் அமைப்பும் தேவை என்பது புலனாகும். அத்தகைய அமைப்பைத் தொடங்கப் பெரும்பொருள் வேண்டியதில்லை. லீட்ஸில் கூடியோரும் சிலரே. ஒரு கல்லூரியின் தமிழ்த்துறையும், ஓர் இணைய இதழும், வாசகர் வட்டம் ஒன்றும் இணைந்து, ஆண்டின் சிறந்த அறிவியல் சிறுகதையைக் கட்டணம் செலுத்திய உறுப்பினரின் வாக்கால் தெரிவு செய்து, வாக்கு எண்ணிக்கையையும் வரவு செலவையும் முழுமையாக வெளியிட்டால் அதுவே முதற்கொடையாகும். அவ்வாறு அமைக்கும்போது தலைக்கட்டு முறையின் விலக்கல்களைத் தவிர்த்து, வாசித்தவர் எவராயினும் உறுப்பினராகலாம் என்னும் விதியை முதல் விதியாக எழுதுதல் வேண்டும்.